வார்சாவின் பியானோக் களம்: ஷோப்பான் போட்டி, 1927 முதல் 2025 வரை

மேற்கத்தியச் செவ்விசையில் இன்று நடைபெறும் பன்னாட்டுப் போட்டிகளுள், ஒரே இசையமைப்பாளரின் படைப்புகளை மட்டும் களமாகக் கொண்டு, ஒரே நகரில், ஒரே கருவிக்காக ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவருவது, போலந்தின் தலைநகரான வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும் பிரெடெரிக் ஷோப்பான் பன்னாட்டுப் பியானோப் போட்டியாகும். ஷோப்பானின் இசையை எவ்வாறு வாசிப்பது முறை என்னும் வினாவுக்குப் போலந்தின் விடையை உலகறியச் செய்வதே 1927-இல் அதைத் தொடங்கியோரின் நோக்கமாக இருந்தது. 2025 அக்டோபரில் பத்தொன்பதாவது போட்டி முடிந்தபோது பரிசு பெற்ற எண்மரில் போலந்தைச் சேர்ந்தவர் ஒருவரே. மற்ற எழுவரும் ஆசிய நாட்டவர் அல்லது ஆசிய வம்சாவளியினர். அவர்களுள் ஐந்தாம் பரிசைப் பகிர்ந்துகொண்ட வின்சென்ட் ஓங் மலேசியர். ஒரு தேசம் தன் மரபைக் காக்க எழுப்பிய மேடை இப்படி உலகின் மறுகோடிக்கு உரியதாக மாறியது தற்செயலாக நிகழ்ந்ததன்று. அந்த மாற்றத்தின் வித்து முதற்போட்டியிலேயே ஊன்றப்பட்டிருந்தது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

ஷோப்பான் 1810-இல் வார்சாவுக்கு அருகிலுள்ள ஜெலாசோவா வோலா என்ற சிற்றூரில் பிறந்து, 1830-இல் இருபது வயதில் நாட்டைவிட்டு வெளியேறி, திரும்பிவராமலேயே 1849 அக்டோபர் 17 அன்று பாரிஸில் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் விடுதலை பெற்ற போலந்து என்றொரு நாடு நிலப்படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் அதை 1795-இல் முற்றாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 1918-இல்தான் அது மீண்டும் விடுதலை பெற்ற நாடாக எழுந்தது. இடைப்பட்ட 123 ஆண்டுகளில் போலந்து மக்களுக்கு அரசும் கொடியும் செய்திருக்க வேண்டிய பணியைக் கவிதையும் இசையும் செய்தன. ஷோப்பானின் உடல் பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டபோதும், அவருடைய இதயத்தை அவருடைய தமக்கை லுட்விகா வார்சாவுக்குக் கொண்டுவந்தார். அது இன்றும் அந்நகரின் திருச்சிலுவை ஆலயத் தூண் ஒன்றினுள் வைக்கப்பட்டிருக்கிறது. போட்டி நடைபெறும் ஆண்டுகளில் அக்டோபர் 17 அன்று வாசிப்பை நிறுத்தி, அவ்வாலயத்தில் மொசார்ட்டின் இரங்கல் வழிபாட்டிசையை நிகழ்த்தும் வழக்கம் உண்டு என்பதிலிருந்து, இப்போட்டியில் நினைவஞ்சலியும் தேர்வும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பது விளங்கும்.

இப்போட்டியின் சர்ச்சைகளைப் புரிந்துகொள்ள மசூர்க்கா என்னும் வடிவத்தை அறிந்துகொள்வது இன்றியமையாதது. போலந்தின் மசோவியா வட்டாரத்து உழவர் நடனங்களிலிருந்து பிறந்த இவ்வடிவம் மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்தில் அமைவது; ஆயினும் அழுத்தம் முதல் எண்ணிக்கையில் விழாமல் பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். ஷோப்பான் இவ்வடிவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை இயற்றினார். அவருடைய நண்பரும் பியானோக் கலைஞருமான சார்லஸ் ஹாலே, ஷோப்பான் தம் மசூர்க்காக்களை வாசிக்கும்போது மூன்று எண்ணிக்கை நான்காக ஒலிப்பதைக் கவனித்து, அவர் அருகில் அமர்ந்து வாய்விட்டு எண்ணிக் காட்டினார் என்றும், ஷோப்பான் அதை மறுத்துப் பிறகு சிரித்து, அது தம் நாட்டு நடனத்தின் இயல்பு என்றார் என்றும் தம் நினைவுக்குறிப்பில் பதிந்துள்ளார். இங்கு நிகழ்வது காலத்தை நெகிழ்த்தி வாசிக்கும் ருபாட்டோ என்னும் முறையாகும். இடக்கை காலப்பிரமாணத்தைக் காக்க, வலக்கை சற்றே பிந்தியும் முந்தியும் சென்று மீண்டும் அதனோடு சேர்ந்துகொள்ளும். விளம்பகாலக் கீர்த்தனையில் தாளம் பிசகாமல் சாகித்யத்தை இழைத்துப் பாடும் பாடகரைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது அந்நியமான செய்தியன்று. அந்த நெகிழ்வின் அளவை எந்த இசைத்தாளிலும் எழுதிக்காட்ட இயலாது. எழுத இயலாத ஒன்றுக்கு மதிப்பெண் வழங்க முற்பட்டதே இப்போட்டியின் அடிப்படைச் சிக்கலாகவும், அதனாலேயே அதன் வற்றாத கவர்ச்சியாகவும் அமைந்தது.

பன்னாட்டு இசைப்போட்டி என்ற எண்ணம் வார்சாவில் பிறந்ததன்று. ரஷ்யப் பியானோ மேதை அன்டன் ரூபின்ஸ்டைன் தம் பெயரால் நிறுவிய போட்டி, 1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் தொடங்கி, பெர்லின், வியன்னா, பாரிஸ் என ஐந்தாண்டுக்கு ஒரு நகராகச் சுற்றி, 1910-இல் தொடங்கிய நகரிலேயே முடிந்துபோயிற்று. முதல் உலகப்போருக்குப் பின் அதுபோன்ற ஒன்றை மீண்டும் எழுப்பியவர் யெர்ஜி ஜுராவ்லெவ் என்னும் வார்சாப் பியானோ ஆசிரியர். போருக்குப் பிந்தைய இளைஞர்கள் விளையாட்டிலேயே மூழ்கியிருந்ததையும், ஷோப்பானின் இசை மனத்தை நெகிழவைத்து உரத்தைக் குறைக்கும் என்று சிலர் பேசத் தொடங்கியதையும் கண்டு வருந்திய அவர், இளைஞர்களை ஈர்க்கும் போட்டி மனப்பான்மையையே இசைக்குத் துணையாக்கலாம் என்று 1925-ஆம் ஆண்டளவில் எண்ணினார். அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை, பணமும் இல்லை. தொழில்துறையைச் சேர்ந்த ஹென்ரிக் ரெவ்கியேவிச் என்ற இசைப்பற்றாளர், இழப்பு நேர்ந்தால் தம் கைப்பணத்தால் ஈடுசெய்வதாக உறுதியளித்த பிறகே வேலை நகர்ந்தது. நாட்டின் தலைவரான இக்னாசி மொஷ்சிட்ஸ்கியின் ஆதரவும் பின்னர்க் கிடைத்தது. பெரும் பண்பாட்டு நிறுவனங்களின் தொடக்கத்தைத் துருவிப்பார்த்தால், அரசாணைக்கு முன்பே இத்தகைய தனிமனிதர் ஒருவரின் பிடிவாதமும் இன்னொருவரின் பணமும் நிற்பதைக் காணலாம். வார்சாவும் அதற்கு விலக்கன்று.

1927 ஜனவரி 23 முதல் 30 வரை வார்சா ஃபில்ஹார்மோனிக் அரங்கில் நடந்த முதற்போட்டியில் எட்டு நாடுகளைச் சேர்ந்த 26 பேர் வாசித்தனர். நடுவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள், அவையோரும் அவ்வாறே. முதற்பரிசோ மாஸ்கோவிலிருந்து வந்திருந்த பத்தொன்பது வயது லெவ் ஒபோரினுக்குச் சென்றது. போலந்துக்கும் சோவியத் அரசுக்கும் இடையே நடந்த கடும் போர் முடிந்து ஏழாண்டுகூட ஆகாத நிலையில், அதே வார்சாவில், போலந்தின் உயிர்மூச்சாகக் கருதப்பட்ட இசையில், ஒரு சோவியத் இளைஞரை முதல்வர் என அறிவிக்கும் நேர்மை அந்த நடுவர்களுக்கு இருந்தது. இப்போட்டியின் வரலாற்றில் போற்றத்தக்க முடிவுகள் எத்தனையோ இருப்பினும், அவற்றுள் முதலிடம் இதற்கே உரியது. ஷோப்பான் போலந்துக்கு மட்டும் உரியவர் அல்லர் என்ற தீர்ப்பைப் போலந்தே தன் வாயால் முதல் ஆண்டிலேயே வழங்கிவிட்டது. அதே மேடையில் வாசித்த இருபது வயது டிமிட்ரி ஷோஸ்தகோவிச், குடல்வால் நோயின் வலியோடு போட்டியிட்டுப் பாராட்டுச் சான்றிதழ் மட்டுமே பெற்றுத் திரும்பினார். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவராக அவர் பின்னர் விளங்கியதை உலகறியும். மசூர்க்காவைச் சிறப்பாக வாசித்தவருக்கெனப் போலந்து வானொலி தனிப்பரிசு ஒன்றை அளித்தது. அது போலந்தின் ஹென்ரிக் ஷ்டோம்ப்காவுக்குக் கிடைத்தது. மற்றவை கைநழுவினாலும் மசூர்க்கா தம்மவரிடமே இருக்கும் என்று அன்று வார்சா நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கை 28 ஆண்டுகள் கழித்துச் சோதனைக்கு உள்ளாயிற்று.

அதே 1927-ஆம் ஆண்டின் டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி அகில இந்திய இசை மாநாடு கூடியதும், அதன் விளைவாக 1928 ஆகஸ்ட் 18 அன்று சென்னைச் சங்கீத வித்வத் சபை தொடங்கிவைக்கப்பட்டதும் தமிழ் வாசகர்கள் நினைவுகூரத்தக்கவை. அரசவைகளும் ஆதீனங்களும் ஆதரித்த கலையைப் பொதுமக்கள் அரங்கில் நிலைநிறுத்தும் தேவை இரு நகரங்களிலும் ஒரே ஆண்டில் உணரப்பட்டிருக்கிறது. தமிழகத்தில் இசைப்போட்டிக்குத் தனி மரபும் உண்டு. பொப்பிலி கேசவய்யாவைச் சியாமா சாஸ்திரிகள் தஞ்சை அவையில் தாளத் திறத்தால் வென்றதாக வழங்கும் செய்தியும், 1856-இல் கல்லிடைக்குறிச்சியில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் பாடிய பன்னிரண்டு வயது வைத்தியநாதருக்கு ‘மகா’ என்னும் பட்டம் கிடைத்ததும் இசை வரலாற்றில் நிலைபெற்றவை. ஆயினும் இரு மரபுகளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கருநாடக இசைப் போட்டியில் மனோதர்மம், அதாவது அந்தக் கணத்தில் கலைஞர் தாமாகப் புனைந்து விரிக்கும் ஆலாபனையும் பல்லவியும் கற்பனைச் சுரமும், வெற்றியைத் தீர்மானித்தது. யார் மிகுதியாகப் புனைகிறார் என்பது அவைக்குக் கண்கூடாகத் தெரிந்துவிடும். வார்சாவில் ஒரு சுரத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. எல்லோரும் அச்சிட்ட அதே சுரங்களை வாசிக்க, வேறுபாடு முழுவதும் தொடுகையின் எடையிலும், ஒலியின் நிறத்திலும், காலத்தின் நெகிழ்விலும் ஒடுங்கியிருக்க, அதைச் செவியால் பிரித்தறிய வேண்டிய பொறுப்பு நடுவருக்கு வந்து சேர்கிறது. நடுவர்களின் கருத்து வேறுபாடு வார்சாவில் ஓயாததற்குக் காரணம் இதுவே.

1932-இல், ரஷ்யப் பேரரசில் பிறந்து நாடிழந்து வாழ்ந்த அலெக்சாண்டர் உனின்ஸ்கியும், பார்வையற்ற ஹங்கேரியரான இம்ரே உங்காரும் சம மதிப்பெண் பெற்றபோது, நாணயத்தைச் சுண்டி உனின்ஸ்கிக்கு முதற்பரிசு வழங்கப்பட்டது. அளவுகோல் தீர்ந்துபோன இடத்தில் நாணயம் நுழைந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும். 1937-இல் சோவியத்தின் யாகொவ் ஸாக் வென்றார். அவ்வாண்டு முதன்முறையாக ஜப்பானியக் கலைஞர்கள் பங்கேற்றனர். அவர்களுள் சியெகோ ஹாரா இறுதிவரை முன்னேறியும் முன்னணிப் பரிசு பெறாதது அவையோருக்கு ஏமாற்றமளிக்க, அவருக்கெனத் தனிப்பரிசு ஒன்று ஏற்பாடு செய்யப்பட்டது. ஆசியாவின் வருகையை நடுவர்களுக்கு முன்பே வார்சாவின் பொதுமக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

1942-இல் நடக்க வேண்டிய போட்டியைப் போர் விழுங்கிற்று. நாஜி ஆட்சியாளர்கள் 1940 மே மாத இறுதியில் வார்சாவின் வாஜென்கி பூங்காவிலிருந்த ஷோப்பான் சிலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். போலந்துக்காரர்கள் பொது அரங்கில் ஷோப்பானை வாசிக்கத் தடை இருந்ததால், வீடுகளில் கதவடைத்துக்கொண்டு இரகசியமாக வாசித்தார்கள். போட்டி நடந்த ஃபில்ஹார்மோனிக் கட்டடம் அழிந்தது. 1927-இல் மூன்றாம் பரிசு பெற்ற யூதப் பெண்மணி ரோஜா எட்கின், நகரம் விடுதலை பெறுவதற்குச் சற்று முன்பு, 1945 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலயத்திலிருந்து அகற்றப்பட்டிருந்த ஷோப்பானின் இதயம் 1945 அக்டோபர் 17 அன்று மீண்டும் கொண்டுவந்து வைக்கப்பட்டது. பாதிக்குமேல் இடிபாடாகக் கிடந்த நகரம், ஷோப்பான் மறைந்த நூற்றாண்டான 1949-இல் போட்டியை மீண்டும் நடத்தியது. யாருடைய நாடு எது என்பது நடுவர்களைப் பாதிக்கக் கூடாதென்று, தொடக்கச் சுற்றுகளில் அவர்களைத் திரைக்குப் பின்னால் அமரவைத்து எண்களை மட்டும் அறிவித்தார்கள். போலந்தின் ஹலீனா செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவும் சோவியத்தின் பெல்லா டேவிடோவிச்சும் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

புதிதாகக் கட்டிய ஃபில்ஹார்மோனிக் அரங்கு 1955 பிப்ரவரியில் ஐந்தாவது போட்டியோடு திறக்கப்பட்டது. போலந்தின் ஆடம் ஹராசியேவிச்சுக்கு முதற்பரிசும் சோவியத்தின் விளாடிமிர் அஷ்கெனாசிக்கு இரண்டாம் பரிசும் அளிக்கப்பட, அஷ்கெனாசியே முதல்வர் என்று கருதிய இத்தாலிய நடுவர் ஆர்த்துரோ பெனெடெட்டி மிக்கெலாஞ்செலி முடிவேட்டில் கையெழுத்திட மறுத்துவிட்டார். உலகம் இச்சர்ச்சையையே நினைவில் வைத்திருக்கிறது. உண்மையில் அவ்வாண்டின் பெருநிகழ்வு மூன்றாம் பரிசிலும் மசூர்க்காப் பரிசிலும் இருந்தது. அவ்விரண்டையும் பெற்றவர் ஷாங்காயில் 1934-இல் பிறந்த ஃபூ சுங் என்னும் சீன இளைஞர்.

போலந்தின் மண்வாசனை என்று கருதப்பட்ட மசூர்க்காவை, அம்மண்ணில் பிறவாத, அந்த நடனத்தைச் சிறுவயதில் கண்டும் அறியாத ஒருவர் போலந்துக்காரரைவிடச் சிறப்பாக வாசித்தார் என்று போலந்து வானொலியே ஒப்புக்கொண்டது. இதன் பின்னணியில் ஃபூ சுங்கின் தந்தை ஃபூ லெய் இருந்தார். பால்சாக்கையும் ரோமேன் ரோலந்தையும் பிரெஞ்சிலிருந்து சீனத்துக்குப் பெயர்த்த அந்த அறிஞர், மகனுக்குச் சீனப் பழங்கவிதையையும் ஓவியத்தையும் வீட்டிலேயே ஊட்டி வளர்த்தார். அக்கவிதையில் பயின்ற சொல் சுருக்கமும் ஏக்கமும் நாட்டைப் பிரிந்த ஷோப்பானின் ஏக்கத்தை உணர வழிசெய்தன என்று கொள்வதில் தவறில்லை. பிறந்த மண் தராத ஒன்றை ஆழ்ந்த பண்பாட்டுப் பயிற்சி தரவல்லது என்பதற்கு அந்த 1955-ஆம் ஆண்டுப் பரிசைவிடச் சிறந்த சான்று இல்லை. அக்குடும்பத்தின் பின்கதை துயரமானது. ஃபூ லெய் வலதுசாரி எனக் குற்றஞ்சாட்டப்பட, மகன் 1958-இன் இறுதியில் போலந்திலிருந்து லண்டனுக்குத் தப்பிச்சென்றார்; பண்பாட்டுப் புரட்சி தொடங்கிய 1966-இல் தந்தையும் தாயும் ஒருசேரத் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். தந்தை மகனுக்கு எழுதிய கடிதங்கள் 1981-இல் நூலாக வெளிவந்து, சீனத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் விரும்பிப் படிக்கும் நூலாக நிலைத்தன. சீனத்தில் பின்னாளில் பெருகிய பியானோ ஆர்வத்துக்கு அந்நூலும் ஓர் ஊற்றுக்கண்.

1960 முதல் 1975 வரையிலான நான்கு போட்டிகளும் ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்கப்பட்டவை. இத்தாலியின் மௌரிட்சியோ பொல்லினி, அர்ஜென்டினாவின் மார்த்தா ஆர்கெரிச், அமெரிக்காவின் கேரிக் ஓல்சன், போலந்தின் கிறிஸ்டியான் ஜிமர்மன் எனத் தொடர்ந்து வென்ற நால்வரும் தத்தம் தலைமுறையின் முதல்வரிசைக் கலைஞர்களாக உயர்ந்தனர். வெற்றியாளரின் பெயரை உலக அரங்குகள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மதிப்பு இப்போட்டிக்கு இந்தக் காலத்தில்தான் உண்டாயிற்று. 1970-இல் ஜப்பானின் மிட்சுகோ உச்சிடா இரண்டாம் பரிசு பெற்றார்.

அந்த 1970-ஆம் ஆண்டில் வார்சாவுக்கு விருந்தினராக வந்திருந்தவர்களுள் தாய் தி லியென் என்ற வியட்நாமியப் பியானோ ஆசிரியையும் ஒருவர். அவர் ஊர் திரும்பியபோது ஷோப்பானின் இசைத்தாள்களையும் போட்டியின் ஒலிப்பதிவுகளையும் எடுத்துச்சென்றார். ஹனோய் இசைக் கல்லூரி அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சிற்றூர் ஒன்றுக்கு இடம்பெயர்ந்திருந்த காலம் அது. மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்லப்பட்டு, ஈரத்திலும் வெப்பத்திலும் பழுதடைந்திருந்த பியானோ ஒன்றில் மாணவர்கள் முறைவைத்துப் பழகினார்கள். கருவி கிடைக்காத நேரத்தில் காகிதத்தில் வரைந்த கட்டைகளின்மீது விரலோட்டிப் பயின்றவர்களும் உண்டு. லியெனின் மகன் டாங் தாய் சோன் வளர்ந்தது இச்சூழலில்தான். 1974-இல் ஹனோய்க்கு வந்த ஐசக் காட்ஸ் என்ற சோவியத் ஆசிரியர் அவருடைய திறமையைக் கண்டறிந்து, மாஸ்கோவில் பயில வழிசெய்தார். 1980-இல் வார்சாவுக்கு விண்ணப்பித்தபோது டாங் அதுவரை எந்த வாத்தியக் குழுவோடும் வாசித்ததில்லை. பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் இணைந்து வாசிக்கும் கன்சர்ட்டோ என்னும் வடிவமே இறுதிச்சுற்றின் பாடம். ஷோப்பான் இருபது வயதுக்குள் இயற்றிய இரண்டில் ஒன்றைப் போட்டியாளர் தெரிவுசெய்ய வேண்டும். டாங் தம் வாழ்வில் முதன்முறையாக வாத்தியக் குழுவோடு வாசித்தது அந்த இறுதிச்சுற்றிலேயே.

அவர் முதற்பரிசையும், மசூர்க்கா, பொலோனேஸ் ஆகிய நடன வடிவங்களுக்கும் கன்சர்ட்டோவுக்கும் உரிய தனிப்பரிசுகளையும் வென்று, இப்போட்டியில் முதலிடம் பெற்ற முதல் ஆசியரானார். ஆனால் மறுநாள் செய்தித்தாள்கள் பேசியது வேறொருவரைப் பற்றி. யூகோஸ்லாவியாவின் ஈவோ பொகொரெலிச் என்ற இளைஞர் யாரும் எதிர்பாராத விதத்தில் வாசித்ததால், சில நடுவர்கள் அவருக்கு உச்ச மதிப்பெண்ணும் சிலர் மிகக் குறைந்த மதிப்பெண்ணும் அளிக்க, இறுதிச்சுற்றுக்கு முன்பே அவர் வெளியேற்றப்பட்டார். நடுவராயிருந்த ஆர்கெரிச், அவர் ஒரு மேதை என்று அறிவித்துவிட்டு நடுவர் குழுவிலிருந்து விலகினார். இசைத்தட்டு நிறுவனங்கள் பொகொரெலிச்சை மொய்த்தன. வெற்றிபெற்ற வியட்நாமியருக்கு உரிய வெளிச்சம் பல ஆண்டுகள் கிட்டவில்லை. மேற்குலகின் இசையிதழ்கள் அன்று டாங்குக்கு இழைத்தது அநீதி என்பதில் ஐயமில்லை. தோற்றவரின் கதை சுவையானது என்பதற்காக வென்றவரின் கதை மறைக்கப்பட்டது.

காலம் அதை நேர்செய்த விதம் வியக்கத்தக்கது. டாங் பின்னர்க் கனடாவின் மான்ட்ரியாலில் குடியேறி ஆசிரியரானார். பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய் 2021-இல் நடந்த பதினெட்டாவது போட்டியில் முதற்பரிசு பெற்ற கனடாவின் புரூஸ் லியூ அவருடைய மாணவர். 2015-இல் நான்காம் பரிசு பெற்று, பத்தாண்டு கழித்துத் துணிந்து மீண்டும் களமிறங்கி 2025-இல் முதற்பரிசை வென்ற அமெரிக்காவின் எரிக் லுவும் அவரிடம் பயின்றவர். பழுதடைந்த பியானோவில் பயின்ற அந்த மாணவர், அடுத்தடுத்த இரு போட்டிகளின் வெற்றியாளர்களை உருவாக்கிய ஆசானாக இன்று விளங்குகிறார்.

மதிப்பெண் முறையைப் பலமுறை திருத்தியும் சிக்கல் தீரவில்லை. நடுவர்கள் தம் சொந்த மாணவருக்கு மதிப்பெண் இடக்கூடாது, பிற நடுவர்களின் சராசரியிலிருந்து மிகவும் விலகும் மதிப்பெண்ணை ஒரு வரம்புக்குள் கொண்டுவந்து கணக்கிட வேண்டும் என்பன போன்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1990, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதற்பரிசுக்குத் தகுதியானவர் எவருமில்லை என்று நடுவர்கள் கைவிரித்தார்கள். 1995-இல் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்ட அலெக்சி சுல்தானோவ் பரிசளிப்பு விழாவுக்கே வர மறுத்தார். இதற்கு நேர்மாறாக, 2005-இல் போலந்தின் ரஃபாவ் பிளெஹாச் முதற்பரிசோடு எல்லாத் தனிப்பரிசுகளையும் வெல்ல, அவருக்கு அடுத்து நிற்கத்தக்கவர் இல்லையென இரண்டாம் பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை. 2015-இல் மதிப்பெண்கள் முழுமையாக வெளியிடப்பட்டபோது, முதற்பரிசு வென்ற கொரியாவின் சோ சொங்-ஜின்னுக்கு இறுதிச்சுற்றில் பலர் பத்துக்கு ஒன்பதும் பத்தும் அளித்திருக்க, பிரெஞ்சு நடுவர் பிலிப் ஆன்ட்ரமோன் ஒன்று மட்டும் அளித்திருந்தது தெரியவந்தது. இத்தகைய பட்டியலை மறைத்து வைக்காமல் வெளியிட்டதே நற்செயல். நடுவர்களின் செவிகள் ஒத்துப்போவதில்லை என்ற உண்மையைக் கேட்போர் அறிந்துகொள்ள அது உதவிற்று.

ஆசியாவின் எழுச்சிக்குக் கருவிகளின் வரலாறும் துணைசெய்தது. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1900-ஆம் ஆண்டளவிலேயே பியானோ செய்யத் தொடங்கியது. கவாய் நிறுவனம், வார்சாப் போட்டி பிறந்த அதே 1927-இல் ஹமமாட்சு நகரில் தொடங்கப்பட்டது. மலாயாவின் ஈரக்காற்றிலும் தாக்குப்பிடித்து, நடுத்தரக் குடும்பங்களும் தவணையில் வாங்கக்கூடியனவாக இக்கருவிகளே கிழக்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் நிறைத்தன. 1985 முதல் அவ்விரு நிறுவனங்களின் கருவிகளும் வார்சா மேடையில் ஸ்டைன்வே பியானோக்களுக்கு இணையாக நிறுத்தப்பட, 2010-இல் ரஷ்யாவின் யூலியானா அவ்தேயெவா யமஹாவில் வாசித்தே முதற்பரிசு பெற்றார். 2000-இல் சீனத்தின் பதினெட்டு வயது யுண்டி லீ வென்றபின் அந்நாட்டில் பியானோ பயிலும் சிறாரின் தொகை பல்கிப் பெருகிற்று.

மலேசியாவின் பங்கு சிறிதாயினும் அதன் வேர் ஆழமானது. லண்டனில் 1889-இல் நிறுவப்பட்ட இணைந்த இசைத்தேர்வு வாரியத்தின் தேர்வுமுறை ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவுக்கு வந்து, முதல் கிரேட் தொடங்கி எட்டாம் கிரேட் வரை ஏறும் படிக்கட்டாக இன்றும் நிலைத்திருக்கிறது. பினாங்கில், ஜார்ஜ்டவுனின் கடைவீட்டு மாடிகளில் தொடங்கி புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட் போன்ற பெருநிலப் பகுதிகள்வரை பியானோ வகுப்பு என்றால் பெற்றோர் முதலில் கேட்பது, பிள்ளை எந்த கிரேட் என்பதையே. இம்முறை ஒழுங்கான விரற்பயிற்சியையும் இசைத்தாள் வாசிப்பையும் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கொடுத்தது. அந்த நன்மையை மறுக்க இயலாது. பினாங்கில் 1946-இல் பிறந்த டென்னிஸ் லீ, லண்டனில் உயர்பயிற்சி பெற்று, ஐரோப்பியப் போட்டிகளில் பரிசு வென்று, உலக மேடைகளில் வாசித்ததும் அந்த அடித்தளத்திலிருந்தே. 1998-இல் கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்கும் மலேசிய ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவும் உருவானபின், முழு வாத்தியக் குழுவை நேரில் கேட்கும் வாய்ப்பு நாட்டின் இளையோருக்குக் கிடைத்தது.

பதினாறு முதல் முப்பது வயதுக்கு உட்பட்டோருக்கான 2025-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 600-க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முதன்மைச் சுற்றுக்கு வந்தவர்களுள் 40 பேர் இரண்டாம் சுற்றுக்கும், 20 பேர் மூன்றாம் சுற்றுக்கும், 11 பேர் இறுதிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நடுவர் குழுவின் தலைவராக 1970-இன் வெற்றியாளர் கேரிக் ஓல்சன் அமர்ந்தார். போலந்தைச் சேராத ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதன்முறை. இறுதிச்சுற்றில் கன்சர்ட்டோவுக்கு முன் பொலோனேஸ்-ஃபான்டசி என்னும் பிற்காலப் படைப்பையும் தனித்து வாசிக்க வேண்டுமென்று புதுவிதி சேர்க்கப்பட்டிருந்தது. பொலோனேஸ் என்பது கம்பீரமான அரசவை நடை. அதன் சாயலை மட்டும் நிறுத்திக்கொண்டு, எண்ண ஓட்டம்போலத் திசைமாறித் திசைமாறிச் செல்லும் இப்படைப்பு, விரல் வேகத்தால் மறைத்துவிட முடியாத முதிர்ச்சியைக் கேட்பது. இளமையில் எழுதிய கன்சர்ட்டோ மட்டுமே இறுதியைத் தீர்மானித்துவந்த குறையை நீக்கிய இந்த மாற்றம் மிகப் பொருத்தமானது. அவ்விரண்டையும் வாசித்து, போலந்தின் பியோட்டர் அலெக்ஸேவிச்சோடு ஐந்தாம் பரிசைப் பகிர்ந்துகொண்டார் வின்சென்ட் ஓங். ஷோப்பானின் நாட்டவரும் மலேசியரும் ஒரே பரிசை ஏந்தி நின்றதை 1927-இன் நிறுவனர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் ஒபோரினுக்கு அவர்கள் வழங்கிய நேர்மையான தீர்ப்பின் தொடர்ச்சியே அது.

வாசிப்புகள் அனைத்தையும் வார்சாவின் ஷோப்பான் நிறுவனம் யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பி, பின்னரும் கட்டணமின்றிக் கேட்கும்படி விட்டுவைத்திருக்கிறது. மதிப்பெண்ணைவிட இந்தப் பதிவுத் தொகுதியே இப்போட்டி உலகுக்கு அளித்துள்ள பெருங்கொடை. கிரேட் தேர்வுக்கு மூன்றே உருப்படிகளை ஓராண்டு முழுதும் திரும்பத் திரும்ப வாசிக்கவைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பினாங்கின் பியானோ ஆசிரியர்களும் பெற்றோரும் வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் ஒதுக்கி, ஒரே மசூர்க்காவை மூன்று போட்டியாளர்கள் மூன்று விதமாக வாசிப்பதை மாணவர்களுக்குக் கேட்கவைத்து, எது ஏன் பிடித்தது என்று சொல்லப் பழக்க வேண்டும். அடுத்த போட்டி 2030-இல் நடைபெறும். அன்று பதினாறு வயதை எட்டப்போகும் பிள்ளைகள் இன்று தொடக்கநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.